தண்டலை மாற்றினால் பால் கூடுமா?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உன் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் நியூயார்க் நிக்ஸ் அணி 25 ஆண்டுக்குப் பிறகு கிழக்கு மண்டல இறுதிவரை போனது. போன கையோடு, 2025 ஜூன் 3-இல், பயிற்றுநர் டாம் திபடோவை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் டென்வர் நகெட்ஸ், வழக்கமான பருவம் முடிய மூன்றே ஆட்டம் இருக்கும்போது மைக்கேல் மலோனை நீக்கியது. 2023-இல் கோப்பை வாங்கிக் கொடுத்த மனிதர் அவர். "அவங்களே இப்படிச் செய்றாங்க, ஆறு ஆட்டம் வரிசையா தோத்த நம்ம ஊர் டீம் மட்டும் ஏண்ணே பழைய கோச்சையே கட்டிக்கிட்டு அழணும்?" என்று கேட்டிருக்கிறாய். சனிக்கிழமை கமிட்டிக் கூட்டமாம், அதில் இதுதான் பேச்சாம்.

பதிலுக்கு முன்னால் ஒரு பழைய கதை. உனக்குச் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை) தெரியும். நான் பிறந்தபோது, இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கித்தா (ரப்பர்) மரம். என் அப்பா மரம் சீவியவர். பிப்ரவரி, மார்ச் வந்தால் கித்தா இலை உதிர்க்கும். மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) பால் பாதிகூட நிற்காது. ஓர் ஆண்டு புதிதாக வந்த துரைக்கு இது பிடிபடவில்லை. எடை குறைகிறது, தண்டல் (வேலையாட்களை மேய்க்கும் கங்காணி) சரியில்லை என்று, காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் தண்டலை மாற்றிவிட்டார். புதுத் தண்டல் வந்தார், நன்றாகச் சத்தம் போட்டார். துளிர் விட்டு இலை முற்றியதும் பால் ஏறியது. துரைக்கு ஒரே பெருமை. அன்று மாலை வாசல் படியில் உட்கார்ந்து அப்பா அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தண்டல மாத்துனதால பால் வரல புள்ள. எல வந்துச்சு, பால் வந்துச்சு."

கூடைப்பந்தில் நடக்கும் பயிற்றுநர் மாற்றங்களில் பெரும்பாதி இந்தக் கதைதான். யாரும் நன்றாக ஆடும்போது ஆளை மாற்றுவதில்லை (மாற்றியவர்களும் உண்டு, வருகிறேன்). அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் மாற்றுகிறார்கள். அடிமட்டத்திலிருந்து போக மேலே மட்டும்தான் வழி. அடிபட்டவன் திரும்புவான், வெளியூர் ஆட்டம் முடிந்து உள்ளூர் ஆட்டம் வரும், விழாத பந்து விழ ஆரம்பிக்கும். அப்போது யார் ஓரத்தில் நிற்கிறாரோ அவருக்குப் பெயர்.

இலை உதிர்ந்த நேரத்தில் கத்தியைத் தூக்காத ஓர் அணியைச் சொல்கிறேன். இந்தியானா பேசர்ஸ், 2024 டிசம்பர். 25 ஆட்டம் முடிந்தபோது 10 வெற்றி, 15 தோல்வி. ரிக் கார்லைலை அவர்கள் அசைக்கவில்லை. பருவம் முடியும்போது 50 வெற்றி, 32 தோல்வி. அதே அணிதான் திபடோவின் நிக்ஸை ஆறு ஆட்டத்தில் வீழ்த்தி, என்பிஏ இறுதியில் ஓக்லஹோமா சிட்டி தண்டரை ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனது. டிசம்பரில் அங்கே ஒரு சூடான கமிட்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

சரி, அப்படியென்றால் ஏன் எப்போதும் பயிற்றுநர் தலையே உருளுகிறது? காசு, தம்பி. என்பிஏ அணியில் 15 பேர், பெரும்பாலும் உறுதி செய்யப்பட்ட ஒப்பந்தம். ஒருவனை வேறு அணிக்குத் தள்ள வேண்டுமென்றால் போகிற சம்பளமும் வருகிற சம்பளமும் ஒத்து வர வேண்டும். என்பிஏவும் ஆட்டக்காரர் சங்கமும் 2023-இல் செய்த புது ஒப்பந்தத்தில் இன்னும் இறுக்கிவிட்டார்கள்: சம்பளச் செலவு இரண்டாவது எல்லைக் கோட்டையும் தாண்டிவிட்டால், இரண்டு மூன்று பேர் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை வாங்கவே முடியாது. ஆனால் பயிற்றுநர் சம்பளம் அந்த வரம்புக் கணக்கில் சேராது. அவரை நீக்கினாலும் மீதிச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்தான், அது முதலாளியின் பையிலிருந்து போகிற காசு, அவ்வளவே. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023-இல் மாண்டி வில்லியம்ஸை 6 ஆண்டுக்கு 78.5 மில்லியன் டாலர் பேசிக் கொண்டுவந்தது. ஒரே பருவம், தொடர்ந்து 28 தோல்வி, மொத்தம் 14 வெற்றி, 68 தோல்வி. அனுப்பிவிட்டார்கள். அந்தத் தொகையை நம் வெள்ளியில் (ரிங்கிட்) மாற்றிப் பார்க்காதே, சாப்பாடு இறங்காது.

பயிற்றுநரை மட்டுமே மாற்ற முடியும் என்ற நிலையில் மாட்டிக்கொண்ட அணிக்கு பீனிக்ஸ் சன்ஸ்தான் சாட்சி. கெவின் டுரண்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் மூவர் சம்பளமும் சேர்ந்து அணியை அந்த இரண்டாவது கோட்டுக்கு மேலே நிறுத்திவிட்டது. பீலை அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்பவும் முடியவில்லை. என்ன செய்வார்கள்? பீல் வருவதற்குச் சற்று முன்பே, 2023-இல், மாண்டி வில்லியம்ஸ் (ஆமாம், அதே மனிதர், டெட்ராய்ட்டுக்கு முன்னால்) போயிருந்தார்; பிறகு 2024-இல் ஃபிராங்க் வோகல், 2025-இல் மைக் புடென்ஹோல்சர். மூன்று ஆண்டில் மூன்று தலை. வோகல் 2020-இல் லேக்கர்ஸுக்கும், புடென்ஹோல்சர் 2021-இல் மில்வாக்கிக்கும் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்கள். வில்லியம்ஸ் 2022-இன் சிறந்த பயிற்றுநர். மூவருக்குமா ஒரே ஊரில் வேலை மறந்துபோனது? வெற்றிக் கணக்கு 45, 49, கடைசியில் 36. சமையல்காரரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், அரிசியில் கல் இருந்தது.

மில்வாக்கி கதை இன்னும் வேடிக்கை. 2023-இல் 58 வெற்றியோடு கிழக்கில் முதலிடம், ஆனால் பிளேஆஃபில் (பருவம் முடிந்த பிறகு நடக்கும் வெளியேற்றுத் தொடர்கள்) எட்டாம் இடத்து மயாமியிடம் முதல் சுற்றிலேயே உதை. புடென்ஹோல்சரை அனுப்பிவிட்டு ஏட்ரியன் கிரிஃபினைக் கொண்டுவந்தார்கள். 43 ஆட்டத்தில் 30 வெற்றி, 13 தோல்வி. நல்ல கணக்குத்தானே? ஆட்டம் பார்க்க நன்றாக இல்லை, தடுப்பு ஓட்டையாக இருக்கிறது என்று 2024 ஜனவரியில் அவரையும் நீக்கினார்கள். டாக் ரிவர்ஸ் வந்தார், 17 வெற்றி, 19 தோல்வி, முதல் சுற்றில் வெளியே. கிரிஃபின் இருந்திருந்தால் கோப்பை வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. தடுப்பாட்டத்துக்குப் பெயர்போன ஜுரூ ஹாலிடேவை போர்ட்லாண்டுக்கு அனுப்பி டேமியன் லில்லர்டை வாங்கிய பிறகு, தடுப்பு ஓட்டை என்று பயிற்றுநரிடம் கணக்குக் கேட்டால் எப்படி?

இதுவரை படித்துவிட்டு, அண்ணன் மாற்றமே வேண்டாம் என்கிறார் என்று நினைத்துவிடாதே. மாற்றி ஜெயித்த கதைகளும் இருக்கின்றன, அவற்றைத்தான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், 2014. மார்க் ஜாக்சன் 51 வெற்றி எடுத்துக் கொடுத்தும் நீக்கப்பட்டார். ஸ்டீவ் கெர் வந்தார், அதற்கு முன்னால் ஓர் ஆட்டத்துக்குக்கூட அவர் தலைமைப் பயிற்றுநராக நின்றதில்லை. அடுத்த பருவம் 67 வெற்றி, கோப்பை. மந்திரமா? இல்லை. ஜாக்சன் காலத்தில் வாரியர்ஸ்தான் மொத்த என்பிஏவிலும் குறைவாகப் பந்தைக் கைமாற்றிய அணி. அணியின் நட்சத்திரம் ஸ்டீஃபன் கறி தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு போவார், மற்ற நால்வரும் கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பதுபோல நிற்பார்கள். கெர் அந்த ஒன்றைப் பிடித்தார், பந்து ஓட வேண்டும், ஆளும் ஓட வேண்டும் என்றார். ஆண்ட்ரே இகுவடாலாவை வெளியே உட்காரவைத்து ஹாரிசன் பார்ன்ஸை முதல் ஐவரில் போட்டார். டேவிட் லீக்குத் தொடையில் அடிபட்டதால் டிரேமண்ட் கிரீன் உள்ளே வந்தார், அப்புறம் லீயால் அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கவே முடியவில்லை (இதில் கெரின் மூளை எவ்வளவு, தொடைத்தசையின் உபயம் எவ்வளவு என்று அவரே சிரித்துக்கொள்வார்). 2015 இறுதியில் கிளீவ்லாண்டிடம் 2-1 என்று பின்தங்கியபோது, நெட்டையான ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து இகுவடாலாவை இறக்கினார். அடுத்த மூன்று ஆட்டமும் வாரியர்ஸுக்கு. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுவடாலாவுக்கு.

அங்கே ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். கறி, கிளே தாம்சன், கிரீன் மூவரும் ஜாக்சன் கையில் வளர்ந்தவர்கள். தடுப்பாட்டத்தைப் பழக்கியதும் அவரே. இது செம்பனைக் கணக்கு, தம்பி. இன்று போடுகிற உரமும், இன்று அடிக்கிற வறட்சியும் ஓரிரு ஆண்டு கழித்துத்தான் குலையில் தெரியும். குலை வெட்டுகிற அன்று யார் மானேஜரோ அவர் மார் தட்டிக்கொள்ளலாம், உரம் போட்டவர் அதற்குள் வேறு தோட்டம் போயிருப்பார். கெர் வந்தபோது குலை பழுத்திருந்தது, எந்தப் பக்கம் வெட்டு விழ வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த 67.

டொராண்டோவும் அப்படித்தான். 2018-இல் டுவேன் கேசி 59 வெற்றி எடுத்தார், பிளேஆஃபில் லெப்ரானின் கிளீவ்லாண்டிடம் 4-0 என்று மண்ணைக் கவ்வினார், நீக்கப்பட்டார். அடுத்த மாதமே அந்த ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது அவருக்கு! வேலை போன மனிதர் மேடையேறி விருது வாங்கினார். உதவியாளராக இருந்த நிக் நர்ஸ் மேலே வந்தார், 2019-இல் கோப்பை. நர்ஸ் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் நடுவில் டிமார் டிரோசனைக் கொடுத்து கவாய் லெனர்டை வாங்கியிருந்தார்கள். பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டம், 90-90, கடைசி வினாடி. கவாய் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளியது. நான்கு முறை! அப்புறம் உள்ளே விழுந்தது. வெளியே விழுந்திருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும், அங்கே தோற்றிருந்தால் நர்ஸையும் கேசியோடு சேர்த்துப் பேசியிருப்போம்.

இப்போது திபடோவுக்கு வருவோம். 2025 மே 22, வியாழக்கிழமை காலை, பேசர்ஸோடு கிழக்கு மண்டல இறுதியின் முதல் ஆட்டம். நியூயார்க்கில் அது முந்தைய இரவு. பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேர வித்தியாசம் என்பதால் நமக்கு எப்போதும் பசியாறும் நேரத்தில்தான் என்பிஏ. மார்க்கெட் பக்கத்துக் கோப்பிக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டு கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம்கூட மிச்சமில்லை, நிக்ஸ் 14 புள்ளி முன்னிலை. நான் எழுந்து காசு கொடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பேசர்ஸின் நெஸ்மித் மூன்று புள்ளியாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறார். கடைசி நொடியில் அதே அணியின் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தின் பின்பக்கம் இடித்து, பலகைக்கும் மேலே எழும்பி, நேராக வலைக்குள் இறங்கியது. கால் கோட்டில் பட்டதால் மூன்று இல்லை, இரண்டுதான், 125-125. கூடுதல் நேரத்தில் பேசர்ஸ் 138-135. அந்தப் பந்து வெளியே விழுந்திருந்தால் அந்தத் தொடரே வேறு மாதிரி போயிருக்கலாம். ஒரு துள்ளல் ஒருவருக்குக் கோப்பை, இன்னொருவருக்குப் பெட்டி கட்டும் வேலை.

ஆனாலும் நிக்ஸ் நிர்வாகத்திடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. திபடோ முதல் ஐவரை மாடு மாதிரி ஓட்டுவார். ஜோஷ் ஹார்ட்டும் மிக்கல் பிரிட்ஜஸும் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 37 நிமிடம், 48 நிமிட ஆட்டத்தில். நிமிடத்தைக் குறைக்கச் சொல்லிப் பயிற்றுநரிடம் பேசினேன் என்று பிரிட்ஜஸ் வெளிப்படையாகவே சொன்னார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே "இன்னும் நான்கு பேரை ஆடவைக்கிற ஒருவர் வேண்டும்" என்று சொல்லி மாற்றினால் அது அர்த்தமுள்ள மாற்றம். நான் குறை சொல்வது வேறு இடத்தில். ஆளைப் பார்த்து வைக்காமலே நீக்கினார்கள். அப்புறம் மற்ற அணிகளில் வேலையில் இருக்கும் பயிற்றுநர்களைக் கேட்டுக் கதவு கதவாகத் தட்டினார்கள், எல்லாரும் சாத்திவிட்டார்கள். பெண் பார்க்கும் முன்னே பந்தல் போட்ட கதை. ஒரு மாதம் கழித்து மைக் பிரவுன் வந்தார். அவரும் ஆறு மாதம் முன்னால் சாக்ரமெண்டோவில் கழற்றிவிடப்பட்டவர். 16 ஆண்டாகப் பிளேஆஃபே பார்க்காத அணியை 2023-இல் அங்கே கொண்டு போனவர், அதற்காக ஒரு வாக்குகூடக் குறையாமல் சிறந்த பயிற்றுநர் விருது வாங்கியவர், 13-18 என்று ஆனதும் போ என்றார்கள். அவர் போனபிறகு அணி நிமிர்ந்ததா? அடுத்த பிப்ரவரியில் அவர்களுடைய நட்சத்திரம் டி'ஆரன் ஃபாக்ஸும் சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டார்.

டென்வரை நான் தனியாக வைத்துப் பார்க்கிறேன். அங்கே பிரச்சினை ஆட்டம் மட்டுமில்லை. பயிற்றுநர் மலோனுக்கும் பொது மேலாளர் கால்வின் பூத்துக்கும் ஒத்துப்போகவில்லை, இருவரையும் ஒரே நாளில் அனுப்பினார்கள். துரைக்கும் கிராணிக்கும் (தோட்டக் கணக்கர்) சண்டை என்றால் நிரையில் நிற்பவனுக்கு யார் சொல் கேட்பது என்று தெரியாது. 2017 முதலே அங்கே உதவியாளராக இருந்த டேவிட் அடெல்மனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். மீதி மூன்று ஆட்டமும் ஜெயித்து, கிளிப்பர்ஸை ஏழு ஆட்டத்தில் தாண்டி, அந்த ஆண்டு கோப்பை வாங்கிய ஓக்லஹோமாவையும் ஏழாவது ஆட்டம் வரை கொண்டு போனார்கள். புதுக் கட்டளை எதுவும் போட நேரமில்லை. வீட்டுக்குள் சத்தம் நின்றது, அதுவே பாதி மருந்து.

ஓக்லஹோமா என்றதும் உன் நண்பர்கள் "பொறுமைக்குப் பரிசு" என்பார்கள். மார்க் டெய்னோ 2020-இல் வந்தார். வெற்றிக் கணக்கு 22, 24, 40, 57, 68, கோப்பை. உண்மைதான், ஆனால் முதல் இரண்டு ஆண்டு அந்த அணி ஜெயிக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. நிர்வாகம் இளம் ஆட்டக்காரர்களையும், வரும் ஆண்டுகளில் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளையும் சேர்த்துக்கொண்டிருந்தது. நாற்று நட்ட ஆண்டில் குலை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊர் அணிக்கு அந்தச் சொகுசு கிடையாது.

என் சொந்தக் கதையும் கொஞ்சம். பல ஆண்டு முன்னால் வேறொரு பட்டணத்தில் ஒரு கிளப்புக்குப் பயிற்சி கொடுத்தேன். நான்கு தோல்வி. ஒரு புதன்கிழமை இரவு போன் வந்தது, "வியாழன் பயிற்சிக்கு வர வேண்டாம் மாஸ்டர்" என்றார்கள். அடுத்த வாரம் புதியவர் வந்தார், அணி ஜெயிக்க ஆரம்பித்தது. எனக்கு நெஞ்சு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு விசாரித்தால், கணுக்காலில் கட்டுப் போட்டு ஐந்து வாரம் வீட்டில் இருந்த எங்கள் நெட்டைப் பையன் அந்த வாரம்தான் கட்டுப் பிரித்தானாம். அதற்காக நான் நல்ல பயிற்றுநர் என்று ஆகிவிடாது. அந்தப் பையன் இல்லாமல் எப்படி ஆடுவது என்று எனக்கும் அப்போது தெரியவில்லை, அதுவும் நிஜம்.

இனி உங்கள் அணி. ஆறு தோல்வியில் நான்கை அந்தச் சீனப் பள்ளித் திடலில், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இரண்டு ஆட்டம் மூன்று புள்ளிக்குள் போனது. அந்த இரண்டிலும் ஃப்ரீ த்ரோவில் பாதிக்கு மேல் விட்டீர்கள், நீயே ஒன்றில் தொடர்ந்து நான்கு விட்டாய் (கோபித்துக்கொள்ளாதே). சீனப் புத்தாண்டுக்குப் பிறகு உங்கள் சென்டர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், அவன் இடத்தில் இன்னும் ஆள் இல்லை. இவை எதுவும் கோச்சை மாற்றினால் மாறாது. கோச்சிடம் குறை இல்லையா? இருக்கிறது. அவரும் ஒரு குட்டித் திபடோ. முதல் ஐவரை வைத்தே நாற்பது நிமிடத்தையும் ஓட்டப் பார்க்கிறார். நான்காம் கால்பகுதியில் உங்கள் பையன்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எதிரணி பார்த்துச் சிரிக்கிறது. தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற அந்த இரண்டு சின்னப் பையன்களும் நான் பார்த்த நான்கு ஆட்டத்திலும் வியர்க்காமலே வீட்டுக்குப் போனார்கள்.

எனவே கமிட்டியில் "மாற்றலாமா வேண்டாமா" என்று கை தூக்கச் சொல்லாதே. யாரை எத்தனை நிமிடம் ஆடவைப்பது என்று முதலில் கோச்சிடமே உட்கார்ந்து பேசுங்கள், ஒன்பது பேரை இறக்கி மூன்று ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்று அவர் பிடிவாதம் பிடித்தால், வெளியூரிலிருந்து பெரிய பெயரைத் தேடாதீர்கள். டைரியும் விசிலுமாக அவர் பக்கத்தில் மூன்று ஆண்டாக நிற்கும் உதவியாளர் போதும், பையன்களை அவருக்குத் தெரியும். புதிதாக வருபவர் எதை வேறு மாதிரி செய்வார் என்று ஒரு வரியில் சொல்ல முடியாத எவரும் அந்தக் கூட்டத்தில் மாற்றம் கேட்கக் கூடாது.

சனிக்கிழமை நானும் வருகிறேன். ஸ்கோர் எழுதுகிற பையனிடம் ஆறு ஆட்டத்தின் தாளும் இருக்கும், வாங்கி வை. யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று அவன் எழுதியிருக்க மாட்டான், அதை நாம் இரண்டு பேரும் முந்தின இரவு கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதிவிடலாம்.